வீட்டில் முகம் பார்க்க யார் இருக்கிறார்கள்?

நான் கிளினிக்கை மூடிவிட்டேன் என்று தெரிந்தும், தோல் மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களில் சிலர் ஆண்டர்சன்பேட்டை வரை தேடி வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். முகத்தில் கோடு விழுந்துவிட்டது என்று வருகிறவர்களுக்கு எதைச் சொல்வது? கிரீமா, ஊசியா, லேசரா?

எந்தக் கோட்டுக்கு எது என்பதைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். அதைத் திருப்பிச் சொல்ல நான் தேவையில்லை. நான் ஒரு வியாழக்கிழமையைப் பற்றிச் சொல்கிறேன். முப்பத்தோரு வருடத் தொழிலில் நான் மிக அதிகமாகப் பயந்த நாள் அது. அன்றைக்கு நடந்ததில் பாதி என் தவறு.

பழைய சுரங்க ஊரான எங்கள் தங்கவயலில் தோல் டாக்டர் என்றால் ரொம்ப காலத்துக்குப் படை, சொறி, கரப்பான், பூதிகோட்டைப் பக்கத்து விவசாயிகளுக்கு மருந்து தெளித்து வந்த கை அரிப்பு, இவ்வளவுதான். முகக்கோட்டைப் பற்றி முதலில் கேட்டவர்கள் பெங்களூருக்குத் தினமும் ரயிலேறி வேலைக்குப் போகிறவர்கள். அங்கே பக்கத்து மேசையில் இருபத்தைந்து வயதுப் பெண் உட்கார்ந்திருப்பாள். திரும்பி வரும்போது ரயில் ஜன்னல் கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வருவார்கள். பிறகு ஒருநாள் என் கிளினிக்குக்கு வருவார்கள்.

அவர்களுக்காகத்தான் நானும் ஐம்பது வயதைத் தாண்டி இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவர் பெங்களூரில் இருக்கும் ஒரு பெண் டாக்டர், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். ஊசியை இறக்குவதற்கு முன் இரண்டு விநாடி கையை நிறுத்துவார். “இப்பக்கூட வேணாம்னு சொல்லலாம்” என்பார். அதை நோயாளியிடம் சொல்கிறாரா, தனக்கே சொல்லிக்கொள்கிறாரா என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை.

அந்த வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ரீட்டா வந்தார். ஐம்பத்தோரு வயது. மாரிகுப்பத்தில் பழைய சுரங்கக் குடியிருப்பில் வீடு. பெங்களூரில் ஒரு அலுவலகத்தில் ரிசப்ஷனில் வேலை. எட்டு மாதத்துக்கு முன் அவருடைய அம்மாவுக்குப் படுக்கைப் புண்ணுக்கு மருந்து கேட்டு வந்திருக்கிறார், அதனால் முகம் தெரியும். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, தலைவாரி, இஸ்திரி போட்ட சேலையில் வந்திருந்தார். உட்கார்ந்ததும் மூக்கின் இரண்டு பக்கத்திலிருந்தும் வாயோரம் வரை இறங்கும் கோடுகளை விரலால் தொட்டுக் காட்டினார்.

“இன்னா டாக்டர், இந்தக் கோடு ரெண்டும் போவுமா?”

எல்லாவற்றையும் முறையாகத்தான் சொன்னேன். ராத்திரி பூசும் கிரீம், பகலில் வெயில் தடுக்கும் கிரீம்: நல்லது, ஆனால் நாலைந்து மாதம் பொறுமை வேண்டும். தசையைத் தளர்த்தும் ஊசி: நெற்றிக்கும் புருவ நடுவுக்கும் நன்றாக வேலை செய்யும், இந்த இடத்துக்குச் சரிவராது, சிரிப்பு கோணலாகிவிடும். லேசர்: நம் நிறத்துக்குப் பார்த்துச் செய்ய வேண்டும், கறுத்துப்போக வாய்ப்பு உண்டு. கடைசியாக ஃபில்லர், அதாவது தோலுக்கடியில் ஜெல்லை நிரப்பி பள்ளத்தைத் தூக்கிவிடும் ஊசி.

“இதுல இன்னைக்கே தெரியறது எது டாக்டர்?”

“ஃபில்லர்தான். ஆனா வீக்கம் இருக்கும், சில பேருக்கு கன்னிப்போகும். ரெண்டு வாரம் விட்டுடணும். வீட்ல ஏதாவது விசேஷம் இருக்காம்மா?”

“அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா எனக்குத்தான்.”

கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அதை நான் கவனித்தேன். நான் கவனிக்காமல் விட்டேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அவசரமாக வந்த பதில் என்று தெரிந்தது. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் ஃபில்லர் கேட்டு வருகிறவர்கள் குறைவு. நான் கற்றுக்கொண்டு வந்த வித்தை கையில் சும்மா கிடந்தது. அவர் செய்துகொள்ள ஆசைப்பட்டதைப் போலவே எனக்கும் செய்ய ஆசையாக இருந்தது. அந்த ஆசை இருக்கும்போது நாம் இரண்டாவது தடவை கேட்பதில்லை.

பத்தரைக்குள் முடித்துவிட்டேன். இடது பக்கம் ஊசி இறங்கும்போது மட்டும் “சுர்ருனு இருக்கு” என்றார். ஒரு நிமிடம் வெளுத்த மாதிரி இருந்தது, பிறகு சரியான மாதிரியும் இருந்தது. கண்ணாடியைக் கொடுத்தேன். அவர் தன்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் இடது பக்கத்தைத் திரும்பப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு போன் செய்தார்.

“டாக்டர், இந்தப் பக்கம் வலி எட்த்துகினே இருக்கு.”

வெளியே பதினான்கு பேர் காத்திருந்தார்கள். “வலி இருக்கத்தான் செய்யும்மா. ஐஸ் வைங்க, பாராசிட்டமால் ஒண்ணு போட்டுக்குங்க” என்றேன். வைத்துவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

மூன்று மணிக்குக் கூட்டம் ஓய்ந்தது. என்னோடு பத்து வருடமாக இருந்த நர்ஸ் லலிதா மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“மேடம், அந்த மாரிகுப்பத்து அம்மா மத்தியானம் போன் பண்ணாங்களே, அப்பால இன்னா ஆச்சுனு கேட்டீங்களா?”

கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃபில்லர் போட்டவருக்கு வலி குறைந்துகொண்டு போக வேண்டும், ஏறக் கூடாது. இது எனக்குத் தெரியாததல்ல. பெங்களூர் டாக்டர் முதல் நாளே சொன்னது. ஜெல் ரத்தக்குழாயை அடைத்தால் அந்த இடத்துத் தோலுக்கு ரத்தம் போகாது. ஐஸ் வைத்தால் இருக்கிற ரத்தமும் குறையும்.

நான் கூப்பிட்டேன். நாலைந்து தடவை மணி அடித்த பிறகு எடுத்தார்.

“வலி எப்படிம்மா இருக்கு?”

“இருக்கு டாக்டர். ஐஸ் வெச்சுகினேதான் இருக்கேன். நீங்க சொன்னீங்களே.”

“ஐஸை எடுத்துடுங்க. இப்ப அந்த இடம் என்ன நிறத்துல இருக்கு?”

“தெர்ல டாக்டர். கண்ணாடி உள்ரூம்ல இருக்கு. கரண்ட் இல்ல. இருட்டா இருக்கு.”

“வீட்ல யாரையாவது பாத்துச் சொல்லச் சொல்லுங்க.”

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“யாரும் இல்ல டாக்டர்,” என்றார்.

படுக்கைப் புண்ணுக்கு மருந்து வாங்கிப்போன கொஞ்ச நாளிலேயே அவருடைய அம்மா இறந்துபோனது எனக்குத் தெரியும். செய்தி லலிதா சொல்லித்தான் வந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை என்பதை நானே கூட்டிப் பார்த்திருக்கலாம். நானும் தனியாக இருப்பவள்தான். எனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்க்க ஆள் கிடையாது. அப்படிப்பட்ட எனக்கே அதைக் கேட்கத் தோன்றவில்லை.

“சரி, கண்ணாடிய எடுத்துகிட்டு வாசலுக்கு வாங்க. வெளிச்சத்துல பாருங்க.”

கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“லைட்டா ஊதாவா இருக்கு டாக்டர். கோடு கோடா, வலை மாதிரி. மூக்கு ஓரம் வெள்ளையா கீது.”

“உதட்டுக்கு மேல விரலால அழுத்துங்க. அழுத்திட்டு விடுங்க. நிறம் திரும்பி வர்ற வரைக்கும் எண்ணுங்க. வாய்விட்டு எண்ணுங்க.”

“ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.” நல்ல உடம்பில் இரண்டு எண்ணுவதற்குள் வந்துவிடும். “அஞ்சு. ஆறு. ஏழு... இன்னும் வர்ல டாக்டர். இன்னும் எண்ணட்டா?”

“வேணாம். கண்ணு மங்கலா இருக்கா? ரெண்டா தெரியுதா?”

“இல்ல.”

அது ஒன்றுதான் அந்த நிமிடம் எனக்குக் கிடைத்த நல்ல செய்தி. கண்ணில் கோளாறு என்றால் ஒரு நிமிடம்கூட என்னிடம் வைத்திருக்கக் கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும்.

“அங்கயே இருங்க. நான் வர்றேன்.”

ஃபில்லரைக் கரைக்கும் மருந்து ஃபிரிட்ஜில் ஒரே ஒரு பாட்டில்தான் இருந்தது. ஒன்று போதாது என்று தெரியும். பெங்களூரிலிருந்து வரவழைத்தால் மூன்று மணி நேரம் ஆகும். கையைப் பிசைந்துகொண்டு நின்றபோதுதான் கண் டாக்டர் ஞாபகம் வந்தது. புரை ஆபரேஷனுக்கு முன்னால் போடும் மரத்துப்போகிற ஊசியில் கண் டாக்டர்கள் இதே மருந்தைத்தான் கலக்கிறார்கள். இரண்டு தெரு தள்ளி ஒருவர் கிளினிக் வைத்திருந்தார், கன்னடக்காரர். எப்போதாவது கல்யாண வீட்டில் பார்த்தால் வணக்கம் சொல்லிக்கொள்வதோடு சரி. அவரிடம் போய், ‘நான் ஒரு பெண்ணின் முகத்தைக் கெடுத்துவிட்டேன், மருந்து கொடுங்கள்’ என்று கேட்க வேண்டும். ஊர் சின்னது. சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு ஓடியது. ஓடியதை மறைக்க மாட்டேன். உங்களுக்கும் ஓடும். ஓடட்டும், ஆனால் போனை எடுத்துவிடுங்கள்.

போனில் விஷயத்தை முழுதாகச் சொன்னேன். அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. “தகொள்ளி மேடம், இருக்கறத எல்லாம் தகொள்ளி” என்றார், எடுத்துக்கொள்ளுங்கள் என்று கன்னடத்தில். லலிதாவை அங்கே அனுப்பிவிட்டு நான் காரை எடுத்தேன்.

மாரிகுப்பத்தில், போனில் சொன்ன வீட்டு வரிசையில், ரீட்டா வாசலிலேயே நின்றிருந்தார். சேலை முந்தானையால் முகத்தின் பாதியை மூடியிருந்தார். முந்தானையை விலக்கி, மோவாயைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பினேன். அவர் போனில் சொன்னது ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. மூக்கின் ஓரம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்து, அதற்குக் கீழே உதடுவரை ஊதா வலை. எதிர்வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

“உள்ள போலாம் டாக்டர், பாக்கறாங்க,” என்றார் ரீட்டா.

“கார்ல ஏறுங்க,” என்றேன்.

வழியில் பெங்களூர் டாக்டருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “எத்தனை மணி நேரம் ஆச்சு?” என்று மட்டும் கேட்டார். ஐந்து என்றேன். “அங்கயே கூட்டிட்டு வந்துடட்டுமா?” என்று கேட்டேன். என் குரலில் என்ன இருந்தது என்று அவருக்குப் புரிந்திருக்கும். யாராவது இந்த முகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று இருந்தது.

“இங்க வர்ற நேரமெல்லாம் அந்தத் தோல் இழக்கற நேரம்,” என்றார். “நீங்களே போடுங்க. மணிக்கு ஒருதரம், நிறம் வர்ற வரைக்கும். நான் போன்லயே இருக்கேன்.”

முதல் சுற்று ஊசிகள் போட்டேன். தேய்த்துவிட்டேன். வெந்நீர் ஒத்தடம். ஒரு மணி நேரம் கழித்து அழுத்திப் பார்த்தால் ஆறு எண்ண வேண்டியிருந்தது. லலிதா கொண்டுவந்த பாட்டில்களிலிருந்து இரண்டாவது சுற்று. மறுபடி ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். லலிதா வெந்நீர் வைக்கப் போனார். அறையில் நாங்கள் இருவர்தான்.

ஊசி போடுவதைப் பற்றி உங்களுக்கு எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. தோல் பிழைக்குமா, அழுகுமா என்று தெரியாத நேரம். அப்போது நோயாளியிடம் என்ன பேசுவது? வானிலை பேசலாம். ‘பயப்படாதீங்க’ என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம். நல்லபடியாக முடிந்த பிறகு உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்கவும் செய்யலாம். எனக்கு அந்த மூன்றாவதுதான் வசதியாகத் தோன்றியது. ஆனால் அவர் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். என் மேல் முழு நம்பிக்கையோடு படுத்திருந்தார். அதைத் தாங்க முடியவில்லை.

“ரீட்டா, மத்தியானம் நீங்க கூப்பிட்டப்ப நான் உங்கள உடனே வரச் சொல்லியிருக்கணும். ஐஸ் வைக்கச் சொன்னது தப்பு. என் தப்பு.”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொன்னதாலதான் டாக்டர் நான் சும்மா இருந்தேன். இல்லாட்டி ஆட்டோ புட்ச்சு வந்திருப்பேன்.”

“தெரியும்.”

“மூக்கு போயிடுமா?”

“போகாதுனு நினைக்கிறேன். ஓரத்துல கொஞ்சம் புண்ணாகலாம். தழும்பு விழலாம். நிச்சயமா இப்ப சொல்ல முடியாது.”

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. “நானும் ஒரு பொய் சொன்னேன் டாக்டர்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவரைப் பெண் பார்க்க ஒருவர் வருகிறார். சர்ச் சபையில் தெரிந்தவர்கள் மூலமாக வந்த சம்பந்தம். குடியாத்தத்துக்காரர், ஐம்பத்தெட்டு வயது, மனைவி இறந்து மூன்று வருடம். இவர் பத்து வருடத்துக்கு முன் எடுத்த போட்டோவை அனுப்பியிருக்கிறார்.

“அந்த போட்டோல இந்தக் கோடு இல்ல டாக்டர். அம்மா படுத்த அப்பால வந்தது. வாசல்ல வந்து நின்னு, போட்டோவும் என்னையும் மாத்தி மாத்தி பாப்பாரேனு இருந்துச்சு. அவ்ளோதான்.”

“விசேஷம் ஒண்ணும் இல்லனு சொன்னீங்களே.”

“அம்பத்தோரு வயசுல பொண்ணு பாக்க வர்றாங்கனு எப்டி டாக்டர் சொல்றது? நீங்க சிரிப்பீங்க.”

நான் சிரித்திருக்க மாட்டேன். ஆனால் அது அவருக்கு எப்படித் தெரியும்? நான் அன்றைக்குக் காலையில் அவரிடம் நடந்துகொண்ட விதத்தில், சிரிக்க மாட்டேன் என்று தெரிந்துகொள்ள எதுவும் இல்லை.

மூன்றாவது சுற்று ஐந்தேமுக்காலுக்குப் போட்டேன். ஆறரைக்கு அழுத்தி விட்டபோது, லலிதா எண்ண ஆரம்பித்து “ரெண்டு” சொல்லும்போதே சிவப்பு வந்துவிட்டது. லலிதா என் தோளைப் பிடித்துக்கொண்டார். பத்து வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அன்றைக்குத்தான்.

ரீட்டாவை அன்று தனியாக வீட்டுக்கு அனுப்பவில்லை. லலிதா தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

தோல் பிழைத்தது. மூக்கோரத்தில் மிளகு அளவுக்கு ஒரு பொருக்கு கட்டியது. போட்ட ஜெல் எல்லாம் கரைந்ததால் கோடுகள் பழையபடி வந்துவிட்டன. அதற்கு மேல் முகத்தின் இடது பாதி வீங்கி, மஞ்சளும் நீலமுமாகக் கன்றிப்போயிருந்தது. பெண் பார்க்க வருவதைத் தள்ளிப்போடச் சொன்னேன். அவர் மறுத்துவிட்டார். “டிக்கெட் எட்த்துட்டாங்க” என்றார். பிறகு தயங்கித் தயங்கி, “நீங்க வருவீங்களா டாக்டர்? என் பக்கம்னு ஒக்கார யாரும் இல்ல” என்றார்.

போனேன். எப்படியும் புண்ணைத் தினமும் பார்க்க வேண்டியிருந்தது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

குடியாத்தத்துக்காரர் தன் அக்காவோடு வந்தார். ஒல்லியான, சாந்தமான மனிதர். இரண்டு நாளாகத் தூங்காதவர் போல இருந்தார். அக்காதான் முதலில் கேட்டார், “முகத்துல இன்னாம்மா?”

ரீட்டா காப்பித் தட்டைக் கீழே வைத்தார். “ஊசி போட்டுகினேன். கோடு போகணும்னு. தப்பா போச்சு.”

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வந்தவர் மெதுவாக, “அதெல்லாம் பரவால்ல, ஆறிடும்” என்றார். நல்ல மனிதர் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு அவர் தன் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். விழுந்து இடுப்பெலும்பு உடைந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார்கள். அக்காவுக்கு முட்டிவலி, தூக்கிக் குளிப்பாட்ட முடியவில்லை. வேலைக்கு வைத்த பெண்கள் நிற்பதில்லை. ஒளிக்காமல் சொன்னார். “உங்க அம்மாவ நீங்க பாத்துகிட்டீங்கனு கேள்விப்பட்டோம்” என்றார்.

ரீட்டா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஸ்டேஷன்வரை கூடப் போய் வழியனுப்பினார். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

“அவரு என் மூஞ்சிய பாக்கவே இல்ல டாக்டர். பாத்தீங்களா? கைய பாத்தாரு.”

நானும் பார்த்திருந்தேன்.

“அவரும் பாவந்தான். நாலு நாள் தூங்கினா சரியாயிடுவாரு. ஆனா நான் ஒம்பது வருஷம் பண்ணேன் டாக்டர். இன்னொரு தடவ முடியாது.”

அன்றே சபைக்காரர்களிடம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து ரீட்டா மறுபடியும் என் கிளினிக்குக்கு வந்தார். பொருக்கு விழுந்த இடத்தில் சின்னதாக ஒரு புள்ளி, பவுடர் போட்டால் தெரியாது. அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“டாக்டர், இந்தக் கோட்டுக்கு இப்ப இன்னா பண்ணலாம்?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “எதுக்கும்மா? நீங்க இப்படியே நல்லாத்தான் இருக்கீங்க. வயசுக்கேத்த முகம். இதுல ஒரு அழகு இருக்கு...” என்று ஆரம்பித்தேன். அடிபட்ட டாக்டர்கள் எல்லோரும் பேசும் பேச்சு அது. பயத்துக்கு ஞானம் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

ரீட்டா என்னை முடிக்க விடவில்லை.

“வேணுமா வேணாமானு நான் சொல்றேன் டாக்டர். எது சரின்னு நீங்க சொல்லுங்க. அன்னைக்கு அவசரத்துல கேட்டேன், நீங்களும் அவசரத்துல பண்ணீங்க. இன்னைக்கு எனக்கு எங்கயும் போற வேல இல்ல.”

லலிதாவைக் கூப்பிட்டு, அடுத்த நோயாளியைக் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னேன். அன்றைக்குத்தான் நான் அந்த முகத்தை முதல் தடவையாக முழுதாகப் பார்த்தேன். அவர் அலுவலகத்தில் எங்கே உட்காருகிறார், வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, எந்தக் கோடு அவரை உறுத்துகிறது, எப்போது உறுத்துகிறது, ஒவ்வொன்றாகக் கேட்டேன். பேசப்பேச, மூக்கோரக் கோடு இப்போது அவருக்குப் பெரிய விஷயமில்லை என்று தெரிந்தது. அது போட்டோவுக்காக வந்த கவலை. உண்மையில் உறுத்தியது புருவ நடுவில் இருந்த இரண்டு வெட்டு. “உள்ள வர்றவங்க எல்லாம், இன்னா மேடம் கோவமா இருக்கீங்கனு கேக்கறாங்க. நான் கோவமாவே இல்ல டாக்டர். அப்டியே நின்னுடுச்சு.” ஒன்பது வருடம் அம்மாவின் மூச்சைக் கவனித்துக் கவனித்து நின்றுபோன முகம்.

அதற்கு வழி இருந்தது. கிரீமில் ஆரம்பித்தோம். ஆறு மாதம் கழித்து, அவர் மறுபடி கேட்ட பிறகு, புருவ நடுவில் மட்டும் தசை தளர்த்தும் ஊசி, குறைந்த அளவில். ஊசியை இறக்கும் முன் என் கை இரண்டு விநாடி நின்றது. அவர் கண்ணை மூடியபடியே, “போடுங்க டாக்டர்” என்றார். நன்றாக வந்தது. இன்றைக்கும் வருடத்துக்கு ஒருதரம் வேறொரு டாக்டரிடம் போட்டுக்கொள்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு நான் ஒன்றை மட்டும் மாற்றினேன். முகத்துக்கு ஊசி கேட்டு யார் வந்தாலும், எந்தக் கோடு என்று கேட்பதற்கு முன், “இன்னைக்கு வீட்ல யார் இருக்காங்க?” என்று கேட்பேன். இருக்கிறார்கள் என்றால் அவரிடம் என்ன நிறத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்போம். யாரும் இல்லை என்றால் நாலு மணிக்கு ஒருதரம், ஆறு மணிக்கு ஒருதரம் நானே போன் செய்வேன். நீங்களும் இதைச் செய்யலாம். கஷ்டமான வேலையில்லை. ஆனால் “யாரும் இல்ல” என்ற பதிலை எத்தனை பேர் சொல்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. டீச்சர்கள், பென்ஷன்காரர்கள், மகன்கள் வெளியூர் போய்விட்ட அம்மாக்கள். சுருக்கம் போக வேண்டும் என்று வருகிறார்கள், யார் பார்ப்பதற்கு என்று கேட்டால் அவர்களுக்கே தெரியவில்லை.

கிளினிக்கை மூடுவதற்கு முந்தின வருடம் ஒரு பெண் வந்தார். அறுபது வயதிருக்கும். ஆண்டர்சன்பேட்டையிலேயே வீடு. கண்ணோரக் கோடுகளுக்கு ஊசி போட்டுக்கொண்டார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டபோது, யாரும் இல்லை என்றார். நாலு மணிக்குக் கூப்பிட்டேன். நன்றாக இருப்பதாகச் சொன்னார். ஆனால் பின்னால் டிவி அலறிக்கொண்டிருந்தது. ஒரு ஆண் குரல் யாரையோ டீ கேட்டது. குழந்தைகள் ஓடும் சத்தம் கேட்டது. ஆறு மணிக்கும் கூப்பிட்டேன். அப்போதும் அதே சத்தங்கள். வலி இல்லை, வீக்கம் இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். பிறகு வைக்காமல் இருந்தார்.

“நாளைக்கும் கூப்பிடுவீங்களா டாக்டர்?”

மறுநாள் ஞாயிறு, கிளினிக் விடுமுறை. அந்த ஊசிக்கு மறுநாள் விசாரிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சர்ச் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.